கிண்ணம் நிறைந்தே இருக்கட்டும்

அன்புள்ள ஒயூன் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் தோழிகளிடம் கூட. படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது அதை மீறிக்கொண்டிருக்கிறேன். விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் தெரியும் என்று அடுப்பின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ஹுலான் நாளைக் காலைப் பேருந்தில் தலைநகரம் போய், மறுநாள் விமானத்தில் சியோலுக்கு வருகிறாள். உனக்காகக் கொடுத்தனுப்பும் தயிர்க்கட்டிப் பையின் அடியில் இதை வைத்துத் தைத்துவிடுவேன். வெள்ளை மாதப் பண்டிகைக்கு முந்தின நாளே உன் கையில் கிடைத்துவிடும் என்றாள். கிடைக்க வேண்டும், அக்கா. பண்டிகைக்குப் பிறகு கிடைத்தால் பயனில்லை.

கைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வீட்டில் இருப்பது அப்பாவுடையது ஒன்றுதான். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். நீ கூப்பிடும்போதெல்லாம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஏன் எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள், முகமே தெரியவில்லையே என்று போன மாதம் நீ கேட்டாய். முதுகில் வெயில் பட்டால் இதமாக இருக்கிறது என்றார். அது உண்மையில்லை. முகத்தில் வெளிச்சம் விழுந்தால் கண்ணின் மஞ்சள் உனக்குத் தெரிந்துவிடும்.

பள்ளியில் அநுதாரியின் கைபேசியைக் கேட்கலாம் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்பாள். அவள் அம்மா காதுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நம் அம்மா ஈரல் நோயில் இறந்து நீ ஊருக்கு வந்திருந்தபோது, துக்கம் கேட்க வந்த அநுதாரியின் அம்மா, நீ நீட்டிய தேநீரை இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வாய் கூடக் குடிக்காமல் எழுந்து போனது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு அநுதாரி நம் வீட்டில் எதுவும் சாப்பிட்டதில்லை. நானும் வா என்று கூப்பிட்டதில்லை. மதிய உணவை ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் இருப்பது உனக்குத் தெரியும். குடியை விட்டுவிட்டார், தேறிவிட்டார் என்று அவர் சொன்னதைத்தான் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நம்பினேன். இலையுதிர் காலத்தில் கால் வீங்கியது. பிறகு வயிறு வீங்கியது. கையும் தோளும் மட்டும் மெலிந்துகொண்டே போயின. அவர் வேனை விற்றது விலை நன்றாக வந்தது என்பதற்காக இல்லை. அதில் ஏறி உட்காரவே அவருக்கு முடியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாவட்ட மருத்துவமனைக்குப் போனோம். பெண் மருத்துவர், ஹாந்த்மா என்று பெயர். படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "விட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டர். ஒரு சொட்டு கிடையாது. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க" என்றார். மருத்துவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல என்னம்மா குடிக்கிறார்?" என்றார். பால் தேநீர், அப்புறம் ஐராக் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எவ்வளவு என்று கேட்டார். "கோடையில நாள் பூரா. இப்போ தம்பி உறைய வச்சுக் கொண்டுவந்து தர்றான், காலையில ரெண்டு கிண்ணம். அது குதிரைப்பால்தானே டாக்டர். ஈரலைக் கழுவும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் அப்பா. மருத்துவர் கோபப்படவில்லை. "எங்க அப்பாவும் இதையேதான் சொன்னார்" என்றார். பிறகு, "புளிச்ச பால்ல சாராயம் இருக்கு. லேசாத்தான். ஆனா நாள் பூரா குடிச்சா அது லேசு இல்ல. உங்க ஈரலுக்கு ஒரு மிடறு கூட ஆகாது" என்றார். அப்பா சிரித்தார். "அப்போ எங்க ஊர்க் குழந்தைகள் எல்லாம் குடிகாரப் பசங்க" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. அப்பாவும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

அக்கா, இந்த இடத்தைப் படிக்கும்போது நீ அழுவாய் என்று தெரியும். அப்பா கோடை முழுவதும் ஐராக் முகாமில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று நீதான் ஏற்பாடு செய்தாய். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தது நான். தோளில் சுமந்து கொண்டுவந்தது சித்தப்பா. யாருக்கும் தெரியாது. நம் ஊரில் அதைக் குடி என்று யார் சொல்வார்கள்? ஆகவே அழாமல் மேலே படி.

ஈரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டதாம். வயிற்றில் இருப்பது நீராம். தொண்டைக்குக் கீழே இருக்கும் ரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கின்றனவாம். "சாராயம் கூடவே கூடாது. ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலும், விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் சோதனை செய்தார்கள். எனக்கு இல்லை. நீயும் அங்கே ஒரு முறை பார்த்துக்கொள். ஒரே கிண்ணத்தில் குடிப்பதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் இது ஒட்டாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். இதை அநுதாரியின் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும் வழியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஷீல், பண்டிகை முடியிற வரைக்கும் யாருக்கும் சொல்லாதே. ஒயூனுக்குச் சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. ஊருக்குத் தெரிஞ்சா நம்ம வீட்டுக் கிண்ணத்தை ஒருத்தரும் தொட மாட்டாங்க. எங்க பெரியண்ணன் இறந்துபோனப்புறம், நான்தான் மூத்தவன்னு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வர்ற முதல் வருஷம் இது" என்றார். நான் சரி என்றேன். அவர் கை சூடாக இருந்தது, எலும்பு எலும்பாக இருந்தது.

அன்றிலிருந்து சமையல் என் பொறுப்பு. கறியை விட வேண்டாம், கொழுப்பை வெட்டிவிட்டு வேகவை, முட்டையும் தயிரும் கொடு, காய் சேர், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடு, ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்க விடாதே என்பது மருத்துவர் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலே, உப்பு கூடாது. "ஆட்டுல கொழுப்பையும் எடுத்துட்டு உப்பையும் எடுத்துட்டா மிச்சம் என்னடி இருக்கு? ஆட்டோட பேர்தான்" என்கிறார் அப்பா. தேநீரில் உப்புப் போடாமல் கொடுத்தேன். முதல் நாள் பாதி குடித்தார். அடுத்த நாள் பால்தான் இல்லையோ என்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

படுக்கப் போகும் முன் சாப்பிட அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நம் நாய் அஸார் ஏன் இப்படிப் பெருத்துக்கொண்டே போகிறது என்று மட்டும் புரியவில்லை. ஒரு நாள் பள்ளி விட்டுச் சீக்கிரம் வந்தபோது, அப்பா வாசலில் உட்கார்ந்து என் முட்டைச் சோற்றை அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருட்டுப் பிள்ளை மாதிரி விழித்தார். "வாயில வச்சா அடைக்குது மகளே. நீ கஷ்டப்பட்டு ஆக்கினது வீணாப் போகக்கூடாதேன்னு" என்றார்.

இன்னொரு கிண்ணம் சோறு எடுத்து வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த கரண்டியையே வாங்கி ஒரு வாய் சாப்பிட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. அம்மா இருந்த காலத்திலிருந்தே அந்தக் கரண்டியை வேறு யாரும் தொட விட்டதில்லை. "ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல, நீங்க நாட்காட்டியைப் பார்த்துட்டு இருந்தீங்க" என்றேன். பிறகு கரண்டியை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். அன்று அஸாருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதிலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறோம். உப்பில்லாத சோறு உண்மையாகவே நன்றாக இல்லை, அக்கா. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செவ்ஜித் சித்தி பண்டிகைக்குப் பூஸ் கொழுக்கட்டை பிடிக்க வந்தாள். மாவு, கறி, கொழுப்பு எல்லாம் மலை மாதிரி குவித்து வைத்திருந்தோம். அப்பாவுக்காக நான் தனியாக ஒரு தட்டு பிடித்தேன். கொழுப்பில்லாத கறியும் முட்டைக்கோஸும் வைத்து, அடையாளத்துக்காக மேல் வாயைத் திறந்து விடாமல் மூடிவிட்டேன். சித்தி பார்த்துவிட்டு, "இது என்னடி, நாய்க்கா?" என்றாள். எனக்குத்தான், உடம்பு குறைக்கிறேன் என்று பொய் சொன்னேன். "வசந்தக் காத்து அடிச்சா பறந்து போயிடுவ போல இருக்கே, நீ உடம்பு குறைக்கிறியா? உங்கப்பாவுக்கும் சேர்த்துக் கொறைச்சுட்டியா, மனுஷன் கையெல்லாம் குச்சியாயிடுச்சு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தட்டையும் எடுத்துப்போய் வெளியே உறைய வைத்திருந்த சாக்கில் கொட்டிவிட்டாள். அவள் போன பிறகு கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பிரித்தேன். எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. கையுறை போட்டால் மடிப்பு தெரியாது என்று வெறும் கையால் தடவினேன். விரல் நுனி இன்னும் மரத்துப் போயிருக்கிறது.

இது வரைக்கும் நான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. சமாளித்துவிடலாம் என்றிருந்தேன். இன்று சித்தப்பா வந்தார்.

வந்ததும் தேநீர் கேட்டார். மறந்துபோய் அப்பாவின் குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாய் குடித்து, "என்ன மகளே, பானை கழுவின தண்ணியா இது?" என்றார். நல்லவர்தான், உனக்குத் தெரியுமே. புது ஐராக் கட்டிகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்திருந்தார். அதோடு பெட்டியில் வைத்த ஒரு சாராய பாட்டிலும். "அண்ணே, பெரியண்ணன் இடத்துல இப்போ நீதான். போன வருஷம் மாதிரி விரலால தொட்டு உதட்டுல வச்சுத் திருப்பிக் கொடுக்கறதெல்லாம் விருந்தாளிக்குச் சரி. வீட்டுத் தலைவர் அப்படிச் செஞ்சா இளசுங்களுக்கு மனசு உடைஞ்சுபோயிடும். ஒவ்வொருத்தன் கிண்ணத்துக்கும் ஒரு வாய். அன்னிக்கு ஒரு நாள் குடிச்சா ஈரல் கோவிச்சுக்காது" என்றார்.

அப்பா மறுக்கவில்லை. "அதானே" என்றார். "நம்ம வீட்டுக்கு வந்தவன் முகம் வாடிப் போகலாமா" என்றார்.

சித்தப்பா போனதும் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். குடிக்கக் கூடாது என்று சொன்னேன். கேட்காதவர் மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி சொன்னேன். "ஒரு நாள் தானே, செத்செக்" என்றார்.

அக்கா, அம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தெரிந்து சொல்லவில்லை. நான் மிஷீல் என்றேன். "ஆமா, மிஷீல்தான்" என்றார். ஆனால் சிறிது நேரம் கழித்துத் துடைத்த கிண்ணத்தை அலமாரியில் வைக்காமல் விறகுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார். அம்மா கடைசி மாதத்தில் செருப்பை அடுப்பின் மேல் வைத்தது எனக்கு நினைவு வந்தது. நாளை விடிந்ததும் பள்ளிக்குப் போகும் முன் மருத்துவருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். சொன்னால் பண்டிகையன்றே வரச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். சித்தப்பாவிடம் சொன்னால் அப்பா என்னை மன்னிக்க மாட்டார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அதற்கு நீ வேண்டும்.

பண்டிகை முதல் நாள் காலையில், சூரியன் மேலே வந்ததும் கூப்பிடு. எல்லோரும் இருப்பார்கள். அப்பாதான் நடுவில் உட்கார்ந்திருப்பார். கைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொல். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லாதே. "அப்பா, நான் வந்து என் கையால் கிண்ணம் கொடுக்கும் வரைக்கும் நீங்கள் யார் கிண்ணத்தையும் குடித்துத் தீர்க்கக் கூடாது. உதட்டில் மட்டும் வையுங்கள். என் பங்கு நிறைந்தே இருக்கட்டும்" என்று கேள். தூரத்தில் இருக்கும் மூத்த மகள் பண்டிகையன்று கேட்டால் அதை மறுக்கும் தகப்பன் நம் ஊரில் இல்லை. சித்தப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரிதான் அண்ணே, ஒயூனுக்காக உதட்டில் மட்டும் வை என்பார். யார் முகமும் வாடாது. அப்பாவும் மறுத்தவராக ஆக மாட்டார். கொடுத்த வாக்கைக் காப்பவராக இருப்பார். அவருக்கு அது பிடிக்கும்.

சாராயம் போக மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கொழுத்த வால் துண்டை அவர் தட்டில் வைத்தால் நான் எடுத்துச் சாப்பிட்டுவிடுவேன். வாய் மூடிய பூஸ் எல்லாம் தனிப் பையில் ஒளித்து வைத்திருக்கிறேன். சித்தப்பா கொண்டுவந்த ஐராக் சாக்கை ஹுலான் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டேன்.

நீ வா என்று நான் கேட்கவில்லை. உன் ஒப்பந்தம் முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று தெரியும். கேட்கவில்லை, அக்கா. ஆனால் போனில் அப்படிச் சொல்லும்போது, நான் வந்து என்று சொல்வாய் அல்லவா, அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல். நானும் பக்கத்தில்தான் இருப்பேன்.

இப்போது எல்லாம் அமைதியாக இருக்கிறது. அஸார் கூடத் தூங்கிவிட்டது. நான் நடுக்கதவுக்கு இந்தப் பக்கம், அடுப்பின் அருகே படுக்கிறேன். "ஏதாவது வேணும்னா கதவைத் தட்டறேன்" என்று மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே சொல்லியிருக்கிறார். ஒரு முறை கூடத் தட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்து வருவார். கால் தேயும் சத்தம் கேட்கும், நான் தூங்குவது போல இருப்பேன். நான் விழித்திருப்பது தெரிந்தால் அவருக்கு வருத்தமாக இருக்கும்.

பையைத் தைக்க வேண்டும். ஊசி தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே குளிர் அதிகமாக இருக்கும், கழுத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. உன் வழி நேராக இருக்கட்டும், உன் வேலை சுகமாக இருக்கட்டும் என்று அம்மா உன்னை அனுப்பும்போது பால் தெளித்துச் சொன்னதையே நானும் சொல்கிறேன். சொல்ல வேறு யாரும் இல்லை என்பதால் நான் சொல்கிறேன். மறக்காமல் கூப்பிடு, அக்கா. சூரியன் மேலே வந்ததும். நான் கைபேசியையே பார்த்துக்கொண்டு

அக்கா, தட்டும் சத்தம். அஸார் குரைக்கவில்லை. நடுக்கதவுதான். அப்பா தட்டுகிறார்